இன்றைக்கு எத்தனை தட்டு?

திண்டுக்கல் பேகம்பூரில் சௌகத் அலி சார் வீட்டில் நல்லி எலும்பு யாருக்கு என்பதை வயசும் முடிவு செய்ததில்லை, செல்லமும் முடிவு செய்ததில்லை. அறிவுதான் முடிவு செய்தது. நம் வீடுகளில் என்றால் சட்டியில் கிடக்கிற அந்த ஒற்றை நல்லியை அன்றைக்கு யார் முகம் வாடியிருக்கிறதோ அவர் தட்டில் அம்மா தள்ளிவிடுவாள். அங்கே அந்தப் பேச்சே கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் சமையல்கட்டுக் கதவின் உள்பக்கத்தில் அவர் மனைவி பக்ருன்னிசா டீச்சர் சாக்பீஸால் ஒரு கணக்கு எழுதுவார். மறுநாள் ஜும்மா முடிந்து பிரியாணி தம் பிரிப்பதற்குள் யார் சரியான விடை எழுதுகிறாரோ அவருக்கு நல்லி. விடை மட்டும் போதாது, படிப்படியாகச் செய்துகாட்ட வேண்டும். "படி எங்க?" என்பதுதான் டீச்சர் வாயில் அதிகம் வருகிற வார்த்தை.

முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர் அவர். சார் கல்லூரியில் வேதியியல். தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்கள் இன்றைக்கும் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டிவிட்டுப் போவார்கள். மகன் இஷாக் பெங்களூரில் கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தான். மகள் பாஸிலா திண்டுக்கல்லிலேயே ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தினாள். நாலு பேரும் அறிவாளிகள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்து யாராவது பார்த்திருப்பார்களா என்றால், அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

பாஸிலா ஆறாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து வந்தாள். "எந்த வேகத்துல வந்த?" என்று கேட்டார் அம்மா. அத்தா காயத்தில் மருந்து வைத்து, அது ஏன் நுரைக்கிறது என்று விளக்கினார். அண்ணன் சைக்கிளைத்தான் பார்த்தான். நுரைக்கிற கதையை அவள் வாழ்நாளில் மறக்கவில்லை. ஆனால் அழுது முடிக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாண வாழ்க்கை முறிந்துபோய் இரண்டு பெட்டிகளோடு அவள் வாசலில் வந்து நின்றபோதும் அதே கதைதான்.

"திரும்பி வர்றதுக்கு எத்தன காரணம்?" என்றார் அம்மா.

"ஏழு."

"ஏழும் தனித்தனியா, இல்ல ஒண்ணுலருந்து ஒண்ணு வந்ததா?"

பாஸிலா யோசித்துப் பார்த்து, "மூணுதான் தனி, மிச்சம் அதுலருந்து வந்தது," என்றாள். அம்மா தலையை ஆட்டி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான் வரவேற்பு. அன்றைக்கு ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதபோது, முப்பத்தாறு வயசுக்காரி கதவு திறக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காரணம் கேட்காமல் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைப் போய் யாரிடம் கேட்பது? கேட்டால் "என்னத்துக்கு?" என்பார்கள்.

இந்த வருஷம் மழை தொடங்கிய மாசத்தில் கதவுக் கணக்கின் போக்கு மாறியது. அதுவரை தொட்டி நிரம்புவதும் ரயில் ஓடுவதும் பகா எண்களும், நடுவில் எப்போதாவது விடுகதை மாதிரி ஒன்றுமாக இருந்த கதவில், ஒரு வியாழக்கிழமை இப்படி எழுதியிருந்தது.

'இன்றைக்கு எத்தனை தட்டு?'

மூன்று பேரும் அசந்துபோனார்கள். சார் சாக்பீஸை எடுத்து, 'மூன்று' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, தட்டு என்பதற்கு முதலில் வரையறை வேண்டும் என்று ஆரம்பித்துக் கதவின் பாதியை நிரப்பினார். இஷாக் போனிலேயே கொண்டாடினான். "அத்தா, கவனிச்சீங்களா? அம்மா அஸ்திவாரத்துக்குப் போயிட்டாங்க. எண்ணுறதுன்னா என்னன்னு கேக்குறாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கடைசிக் காலத்துல இங்கதான் வந்து நிப்பாங்க." பாஸிலா விருந்தாளி வரும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, மூன்று புள்ளி இரண்டு ஏழு தட்டு என்று எழுதினாள். பக்ருன்னிசா டீச்சர் மூன்று விடையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஆறு தட்டு எடுத்து வைத்தார். அதிலும் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று சார் மெய்மறந்தார்.

அடுத்த வாரமும் அதே கணக்கு. அதற்கடுத்த வாரமும் அதே. தாங்கள்தான் இன்னும் சரியான ஆழத்துக்குப் போகவில்லை போல என்று மூவரும் இன்னும் ஆழமாகப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணியில் உப்பே இல்லை. சார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வயசானால் நாக்கின் சுவை மொட்டுகள் குறையும் என்று சொல்லி, தன் நாக்கின் மேலேயே பழியைப் போட்டு, அதைப்பற்றி அரை மணி நேரம் பேசினார். படித்தவன் ஏமாறுகிற அழகே தனி.

இதற்கிடையில் பாஸிலாவுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு ரகசியச் சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மென்மையாகிக்கொண்டு வந்தார். "ஏடி பாஸிலா" என்று அதட்டிய அம்மா, இப்போதெல்லாம் "ஏம்மா, செத்த நேரம் உக்காரும்மா," என்கிறார். "சாப்டியாம்மா? நல்லாச் சாப்பிடு, கூச்சப்படாத," என்கிறார். ஒரு நாள் சிறுமலை வாழைப்பழம் ஒன்றை உரித்து அவள் கையில் கொடுத்தார். அந்தப் பழத்தோலைத் தூக்கிப்போட மனசு வராமல் பாஸிலா ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பரவாயில்லை, தாமதமானாலும் அம்மா வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை குர்ஷித் பேகம் வந்தார். டீச்சரின் கூடப்பிறந்த தங்கை, பாஸிலாவுக்குச் சின்னம்மா. ஒன்பதாவதில் இரண்டு தடவை தவறி, படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சின்னாளபட்டியில் மாவு மில் நடத்துகிறவர். அக்கா வீட்டுக்கு அவர் அதிகம் வருவதில்லை. வந்தால் யாராவது எதையாவது விளக்குவார்கள் என்று பயம். அன்றைக்கு அரைத்த மிளகாய்த்தூள் பையோடு நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தவர், கதவைப் பார்த்து நின்றுவிட்டார். மேலே அக்காவின் கையெழுத்தில் 'இன்றைக்கு எத்தனை தட்டு?' அதற்குக் கீழே அம்பும் குறியும் அடைப்புமாக ஒரு கதவு நிறைய விடை.

"இது என்னடி?" என்றார் பாஸிலாவிடம்.

"இந்த வாரக் கணக்கு, சின்னம்மா. நாலாவது வாரமா இதேதான். இன்னும் யாருக்கும் பிடிபடல."

குர்ஷித் பேகம் திரும்பி அக்காவைப் பார்த்தார். டீச்சர் அலமாரி முன்னால் தட்டுகளை எடுப்பதும் திரும்ப அடுக்குவதுமாக நின்றார். எடுத்தார், எண்ணினார், வைத்தார், மறுபடி எடுத்தார். தங்கைக்காரிக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாலு தட்டுக்கா. நாலு. மச்சானுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, பாஸிலாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இந்தா, நான் எடுக்குறேன், நீ உக்காரு."

டீச்சரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பரீட்சை மணி அடித்து, வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிள்ளையின் நிம்மதி. "நாலா?" என்றார். "நாலுதானா? அப்பச் சரி."

குர்ஷித் பேகம் அக்காவை உட்காரவைத்துவிட்டு பாஸிலா பக்கமும், சத்தம் கேட்டு வந்து நின்ற சார் பக்கமும் திரும்பினார். கண்ணில் தண்ணீர், வாயில் நெருப்பு. "ஏண்டி, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? அது கணக்கு போடலடி. தட்டு எத்தன வைக்கிறதுன்னு தெரியாமக் கேட்டிருக்கு. வீட்டுல எத்தன பேரு இருக்கோம்னு மறந்துபோயிக் கேட்டிருக்கு. நீங்க அதுக்கு மார்க்கு வாங்குறீங்க! மச்சான், இம்புட்டுப் படிச்சீங்களே, பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நா நிமிந்து பாத்தீங்களா?"

சார் வாயைத் திறந்தார். "கேள்வியோட தரம் மாறினத நான் கவனிச்சேன்..." என்று தொடங்கியவர், பாதியில் விட்டுவிட்டுத் தரையில் கிடந்த மிளகாய்த்தூள் பையை எடுத்து வைத்தார். அன்று நாலு தட்டிலும் சோறு ஆறிப்போனது. நல்லி சட்டியிலேயே கிடந்தது.

பாஸிலா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. புள்ளியியல்காரி இல்லையா, அவள் திரும்பி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் தேதி போட்டு, யார் விடை சொன்னது, எத்தனை நேரத்தில் சொன்னது என்று எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்து, கணக்காகப் படிக்காமல், ஒரு பெண் சொன்ன பேச்சாகப் படித்துப் பார்த்தாள்.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருத்தி வீட்டுக்கு நடக்கிறாள். எந்தத் திருப்பத்தில் தப்பு செய்தாள் என்று கண்டுபிடிப்பது எப்படி?' மார்ச் மாசம். அன்றைக்கு அம்மா கால் வீங்கி, நோன்பு திறக்கிற நேரமும் தாண்டி வந்தது அவளுக்கு நினைவிருந்தது. இவள் தெருக்களைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரைந்து மூன்று வழி கொடுத்திருந்தாள்.

'டப்பாவில் மாத்திரை குறைகிறது. காலையில் தின்றேனா இல்லையா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?' ஜூன். இஷாக் அதற்கு எழுபத்திரண்டு சதவீதம் என்று பதில் அனுப்பியிருந்தான். ஒருத்தர்கூட, மாத்திரை தின்றீர்களா அம்மா என்று கேட்கவில்லை.

மறந்துபோச்சு என்று சொல்ல அந்த வீட்டில் இடம் கிடையாது. தெரியாது என்பது அங்கே அவமானம். ஆனால் கதவில் கணக்காக எழுதினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மதிப்பாகப் பேசுவார்கள். அதனால்தான் அம்மா அங்கே எழுதினார். எட்டு மாசமாக அவர் உதவி கேட்டிருக்கிறார், இவர்கள் எட்டு மாசமாகக் கைதட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தைத் திருப்பினாள். ஆகஸ்ட்.

'வீட்டுக்குள் ஒரு பெண் நடமாடுகிறாள். நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். யார் என்று அவளிடமே கேட்டால் அவள் மனசு நோகும். கேட்காமல் கண்டுபிடிப்பது எப்படி?'

அதற்குக் கீழே இவளுடைய விடை. மற்றவர்களிடம் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி இருபது கேள்வி கேட்டால் போதும், பத்து லட்சம் பேரில் ஒருத்தியைப் பிடித்துவிடலாம் என்று படிப்படியாக நிரூபித்திருந்தாள். அந்த வாரம் நல்லி அவளுக்குத்தான். தட்டில் அதைப் போட்டுவிட்டு அம்மா அவள் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பெருமையில் பார்க்கிறார் என்று இவள் பூரித்துப்போனாள். அவர் அடையாளம் தேடியிருக்கிறார்.

ஏம்மா, உக்காரும்மா, கூச்சப்படாத. அந்த மென்மை எல்லாம் மகளுக்கு வந்ததில்லை. வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணுக்கு வந்தது. பாஸிலா நோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சத்தம் அடக்காமல் அழுதாள். பக்கத்து அறையில் அத்தாவுக்குக் கேட்டிருக்கும். வரவில்லை. அவரும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

மதுரையில் டாக்டரைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். போனது திரும்பாது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இஷாக் பெங்களூரிலிருந்து ஓடிவந்தான். இந்த நோயைப்பற்றிய நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரைகளை வரும் வழியிலேயே படித்திருந்தான். அம்மா அவனை யாரோ பழைய மாணவியின் கணவன் என்று நினைத்து, "உங்க வீட்டம்மா வரலையா?" என்று உபசரித்தார். அவன் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். நாற்பது கட்டுரையில் ஒன்றிலும் அதற்கு என்ன பதில் சொல்வது என்று போடவில்லை. நாலு நாள் இருந்துவிட்டு, மாசாமாசம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இப்போது வந்துகொண்டும் இருக்கிறான்.

சார் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலுக்கு ஒட்டுகிற மாதிரி வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினார். சீனி. உப்பு. குளியலறை. விளக்குச் சுவிட்ச். ஃப்ரிட்ஜில், 'திறந்தால் மூடவும்.' இப்படி ஒட்டிக்கொண்டே போனவர் ஒரு நாள் காலையில் தன் சட்டைப் பையிலும் ஒரு சீட்டைக் குத்திக்கொண்டு வந்து காப்பி குடிக்க உட்கார்ந்தார். 'சௌகத் அலி. கணவர். 1981 முதல்.' பாஸிலாவுக்குச் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, அதை முழுக்கப் படித்தார்.

"ரொம்ப வருஷமாச்சு போலிருக்கே," என்றார் மரியாதையாக. "நல்லா வச்சுக்கிட்டீங்களா?"

சார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இல்ல பக்ரு," என்றார். "இன்னும் நல்லா வச்சிருக்கலாம்." அன்றிலிருந்து தினமும் குளித்ததும் அந்தச் சீட்டைப் துவைத்த சட்டைக்கு மாற்றிக் குத்திக்கொள்கிறார்.

பாஸிலாவும் ஒரு வியாழக்கிழமை துணிந்தாள். கல்லூரி விட்டு வந்ததும் ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள். அந்த ஆகஸ்ட் மாசக் கணக்கை அம்மாவின் வார்த்தையிலேயே மேலே எழுதினாள். கீழே, ஆகஸ்டில் எழுதியிருக்க வேண்டிய விடையை எழுதினாள்.

'அவளிடமே கேட்கலாம். அவள் மனசு நோகாது. அவள் உங்கள் மகள். பெயர் பாஸிலா.'

அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதவு முன்னால் நிறுத்தினாள். சாக்பீஸைக் கையில் கொடுத்தாள். சாக்பீஸ் கைக்கு வந்ததும் டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. அந்தப் பழக்கத்தை நோயாலும் தொட முடியவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார், திரும்பிப் பாஸிலாவைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"விடை எழுதியிருக்கு," என்றார். "படி எங்க?"

கேட்டது பாஸிலாவின் அம்மாதான், சந்தேகமில்லை. படி கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

"எட்டாவதுல நீங்கதான் எனக்குக் கணக்கு டீச்சர்," என்று தொடங்கினாள். "அரைப்பரீட்சையில எனக்கு முப்பத்தி நாலு மார்க்கு. ஒரு மார்க்கு சேத்துப் போட்டா பாஸுன்னு ஹெட்மிஸ்ட்ரஸே சொன்னாங்க. கடைசிக் கணக்குல விடை சரியாத்தான் இருந்துச்சு. படி இல்ல, மார்க்கு கிடையாதுன்னுட்டீங்க. வகுப்புல எல்லாரும் பாக்க, ஃபெயிலுன்னு பேப்பரக் கையில குடுத்தீங்க."

"படி இல்லாம எப்பிடிப் போடுறது?" என்றார் டீச்சர். "போடக்கூடாது. அது தப்பு."

"தப்புதாம்மா."

டீச்சர் சாக்பீஸை விரலிடுக்கில் உருட்டினார். ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. கதவைப் பார்க்கவில்லை, அதற்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்தார்.

"ஆனா சின்னப் புள்ள," என்றார். "வீட்டுக்குப் போயி அழுதிருக்குமே."

"அழுதா."

"அவ அம்மா என்ன பண்ணாங்க? ஏசுனாங்களா?"

பாஸிலா ஈரத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"பாவம்மா, ஒத்த மார்க்குல போச்சுன்னா எப்பிடி இருந்திருக்கும். அன்னிக்கு அவ அம்மா அவளத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்களா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

அன்றைக்கு அம்மா அந்தக் கணக்கை நாலு தடவை செய்யச் சொன்னார். செய்து முடிக்கும்வரை சோறு போடவில்லை. பாஸிலாவுக்கு அது நேற்று நடந்த மாதிரி ஞாபகமிருந்தது. இருவரில் அந்த நாளை ஞாபகம் வைத்திருக்கிறவள் இனி அவள் மட்டும்தான். பதிலுக்காக அம்மா தவிப்போடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாசமாகக் கதவில் எழுதி எழுதிக் கேட்டவரை இவர்கள் காக்க வைத்தது போதும்.

"ஆமாம்மா," என்றாள் பாஸிலா. "மடியில வச்சுக்கிட்டாங்க. ஒண்ணுமே கேக்கல. நான் தூங்குற வரைக்கும் வச்சிருந்தாங்க."

அந்த வீட்டில் தெரிந்தே ஒருத்தர் தப்பான விடை சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்பச் சரி," என்றார் பக்ருன்னிசா டீச்சர். பெருமூச்சு விட்டு, கதவில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.